பாடல்கள் விடலைப் பையன்களின் பாலுறவுப் போக்கை மாற்றுகின்றனவா?

விடுதிக் காப்பாளர் (கேள்வி):
நான் ஒரு கல்லூரி மாணவர் விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். இரவு உணவு முடிந்ததும் மாடி வராந்தாவில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பையன்கள் கூடிவிடுவார்கள். குத்துப்பாட்டில் தொடங்குவது அமெரிக்க ராப்பில் போய் முடியும். சென்ற வாரம், பெண்ணை வெறும் உடம்பாக மட்டுமே பேசும் ஒரு பாட்டை முதலாமாண்டு மாணவன் ஒருவன் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். பொருள் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் சார், சும்மாதான்" என்று சிரித்தான். இரட்டை அர்த்தப் பாட்டுகளைக் கேட்டே வளர்ந்தவன் என்பதால் எனக்குக் கண்டிக்க நா எழவில்லை. ஆயினும் அந்தச் "சும்மா"வை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சமூகவியல் ஆசிரியர்:
ஐயா, அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 12 முதல் 17 வயது வரையிலான 1,461 பேரை 2001இல் தொடங்கி 2004 வரை மூன்று முறை பேட்டி கண்டு, முடிவை 2006இல் வெளியிட்டது. காமம் பேசும் பாட்டு வேறு, அதை இழிவாகப் பேசும் பாட்டு வேறு என்று பிரித்துப் பார்த்ததுதான் அதன் நுட்பம். ஆணை அடங்காத வேட்கை கொண்டவனாகவும் பெண்ணை அதற்கான பண்டமாகவும் காட்டும் பாட்டுகளை அதிகம் கேட்டவர்கள், பையன்களானாலும் பெண்களானாலும், மற்றவர்களைவிட முன்னதாகவே உடலுறவில் ஈடுபடத் தொடங்கினர். அப்படி இழிவுபடுத்தாத காதல், காமப் பாட்டுகளுக்கு அந்தத் தொடர்பு தென்படவில்லை. ஏற்கெனவே அந்த மனப்போக்கு உள்ளவர்கள்தாம் அத்தகைய பாட்டுகளைத் தேடிப் போனார்களோ என்ற ஐயம் மட்டும் முழுதாகத் தீராது.

ஆலோசகர், பணி ஓய்வு:
எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பல ஆண்டுகள் பையன்களிடம் பேசியவள் என்ற முறையில் வேறொரு பக்கத்தைச் சொல்கிறேன். பாட்டு அவர்களைத் துணிச்சல்காரர்களாக்கியதைவிடப் பயந்தாங்கொள்ளிகளாக்கியதையே நான் அதிகம் கண்டேன். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிய, ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை அட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். நான்கு மாத்திரைகளில் இரண்டு தீர்ந்திருந்தன. அவனுக்கு நோய் எதுவும் இல்லை. "ராத்திரி முழுக்க" என்று பாட்டில் வருவதைத்தான் அவன் அளவுகோலாக வைத்திருந்தான். ஐந்து நாடுகளில் 500 தம்பதியரை உடலுறவு நீடிக்கும் நேரத்தைக் கடிகாரம் கொண்டு அளக்கச் செய்து 2005இல் வெளியான ஆய்வில் கிடைத்த இடைநிலை அளவு 5.4 நிமிடம்தான் என்றபோது, அவன் என்னை நம்பாமல் இரண்டு முறை திருப்பிக் கேட்டான். விந்து முந்துதல், கைப்பழக்கம், உறுப்பின் அளவு ஆகியவற்றைப் பற்றி அவர்கள் கேட்பார்கள். ஆணுறையைப் பற்றி நாமாகத்தான் எடுக்க வேண்டும், ஏனெனில் பீற்றிக்கொள்ளும் பாட்டில் அதற்கு இடமே இருப்பதில்லை.

ராப் ரசிகன்:
பாட்டில் இடமே இல்லை என்பதை மட்டும் மறுக்கிறேன், அம்மா. 1992இல் டிஎல்சி என்ற அமெரிக்கப் பெண்கள் இசைக்குழுவின் லிசா லோப்பஸ் மூக்குக்கண்ணாடியின் ஒரு கண்ணில் ஆணுறையை ஒட்டிக்கொண்டே மேடையேறினார். கட்டற்ற ஆண்மைப் பெருமையைப் பாடிப் புகழ்பெற்ற அமெரிக்க ராப் பாடகர் ஈஸி-ஈ, தமக்கு எய்ட்ஸ் என்று 1995 மார்ச்சில் அறிவித்த பத்தே நாளில் இறந்தபோது, அந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நோய் முதன்முறையாகத் தம் தெருவுக்கு வந்தது போலிருந்தது. உகாண்டாவில் பாடகர் பில்லி லுட்டாயா 1989இல் தமக்கு எய்ட்ஸ் இருப்பதை ஊரறியச் சொல்லி, அதைப் பாடி, பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் நேரில் சென்று பேசி, அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார். பையன்கள் பாடகனுடைய பேச்சைக் கேட்பார்கள். காப்பாளருடைய பேச்சைக் கேட்பது கடினம் என்பதை மன்னித்துக்கொள்ளுங்கள்.

விடுதிக் காப்பாளர்:
மன்னிக்க எதுவுமில்லை, உண்மைதான். ஸ்பீக்கரைப் பிடுங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். எச்.ஐ.வி., எய்ட்ஸ் பற்றிப் பெயர் சொல்லாமலே பேசக்கூடிய 1097 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை, ஸ்பீக்கரின் பிளக் செருகும் இடத்துக்கு மேலேயே இன்று மாலை ஒட்டினேன். அம்மா, ஒரு நாள் விடுதிக்கு வந்து, நான் இல்லாத நேரத்தில் அவர்களிடம் அந்த 5.4 நிமிடக் கதையைச் சொல்வீர்களா?