கோவூர்: ஆராய்ச்சியாளரா, சவால் விட்டே பேர் வாங்கியவரா?

கரிசல்காடு:
இன்னொரு இழையில் ஒருத்தர், "கோவூர் சவால் விட்டே பேர் வாங்கினவர், ஆராய்ச்சின்னு ஒண்ணும் செஞ்சதில்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறும், அதனால் தனி இழை.

தெரியாதவர்களுக்கு: பகுத்தறிவாளர் ஏபிரகாம் கோவூர் 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தவர். அப்பா மார்த்தோமா சபைப் பாதிரியார். கல்கத்தாவில் படித்தார். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வாத்தியாராகப் போனவர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். 1959இல் ஓய்வு. அந்த வயதில் மற்றவர்கள் கோயில் குளம் என்று போவார்கள், இவர் சோதித்துப் பார்க்கப் பேய் வீடு தேடிப் போனார். 1963இல் ஒரு லட்சம் இலங்கை ரூபாய்ச் சவாலை அறிவித்தார். ஏமாற்ற வழியில்லாத சூழலில் 23 அற்புதங்களில் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டினால் பணம். 1978இல் இறக்கும்வரை ஒருவரும் அதை வாங்கவில்லை. இது போதாதா?

தராசு:
போதாது. நானும் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த 23இல் ஜோதிடர்களுக்கான சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 ஜாதகம் கொடுப்பார். ஆணா பெண்ணா, உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல வேண்டும். 5 சதவீதப் பிழையை மன்னிப்பார். 10 ஜாதகத்துக்கு 20 விடை, ஆக ஒரே ஒரு விடை தப்பலாம். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் இதில் தேற சுமார் 50,000இல் ஒரு வாய்ப்பு. புளுகனை வடிகட்ட அருமையான சல்லடைதான். ஆனால் ஜோதிடத்தில் லேசாக ஏதோ இருக்கிறது, நூற்றுக்கு எழுபது சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜோதிடரும் ஏறக்குறைய நிச்சயமாகத் தோற்பார். இருப்பதையே காட்டாத சோதனையை எப்படி ஆராய்ச்சி என்பது?

கரிசல்காடு:
நூற்றுக்கு எழுபது என்று எந்த ஜோதிடர் பலகை மாட்டியிருக்கிறார்? அவர்கள் வாயால் சொன்னதைத்தானே கோவூர் சோதிக்கக் கேட்டார்.

செவ்வரளி:
நான் வருஷா வருஷம் தீ மிதிக்கிறவ. அந்த 23ல தீ மிதியும் இருக்குன்னு கேள்விப்பட்டேன். அப்படின்னா எங்க ஊர்ல பாதிப் பேருக்கு அவர் லட்சம் லட்சமா குடுத்திருக்கணுமே?

கரிசல்காடு:
பட்டியலில் இருப்பது தீ மிதி இல்லைங்க. கனலின்மேல் அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், கொப்புளம் வரக்கூடாது. "அசையாமல்" என்ற வார்த்தையில்தான் மனுஷனின் கெட்டிக்காரத்தனம். நடப்பதற்குச் சாமி தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். கரிக்கனல் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், மேலே படிந்த சாம்பல் அதைவிட மெதுவாக. ஒரு அடி கனலில் படுவது ஒரு நொடிகூட இல்லை. அதே சூட்டில் இரும்புத் தகட்டைப் போட்டால் பூசாரியும் மிதிக்க மாட்டார்.

செவ்வரளி:
கால் ஏன் சுடலைன்னு சொல்லிட்டீங்க, சரி. எனக்கே அது கொஞ்சம் தெரியும், மெதுவா நடந்தவங்களுக்குச் சுட்டதைப் பார்த்திருக்கேன். ஆனா நான் ஏன் நடக்கறேன்னு உங்க ஆள் கேட்டாரா? என் பையன் காய்ச்சல்ல கிடந்தப்ப நேர்ந்துகிட்டது. தன் அற்புதத்தைச் சோதிக்க விடாதவன் மோசடிக்காரன், சோதிக்கத் துணியாதவன் ஏமாளி, சோதிக்காம நம்பறவன் முட்டாள்னு எழுதினவர்தானே? மூணாவது ஆள் நான்தான். வணக்கம்.

தராசு:
அந்த வாக்கியத்துக்கு நானும் கைதட்ட மாட்டேன். மோசடி செய்கிறவனையும் ஏமாந்தவனையும் ஒரே மூச்சில் திட்டுகிறது.

என் பெரிய குறை வேறு. பேய் பிடித்ததாக, கல் விழுவதாகச் சொன்ன வீடுகளுக்குப் போய் அவர் எழுதிய கதைகள். விசாரித்தது அவர், அறிதுயிலில் (ஹிப்னாடிசத்தில்) ஆழ்த்தியது அவர், எழுதியதும் அவரே. கூட நின்று குறிப்பெடுத்த இன்னொருவர் பெரும்பாலும் கிடையாது. அறிதுயிலில் இருப்பவர் கேட்கிறவர் எதிர்பார்ப்பதைச் சொல்லக்கூடியவர், நடக்காததைக்கூட அடித்துச் சொல்வார். சாமியாடி வாயில் வந்தால் பொய், கோவூர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் வாக்குமூலமா?

கங்கை நீர்க் கதையும் அப்படித்தான். ஊர் திரும்பியபோது கங்கை நீர் கேட்டவர்களுக்கு ரயில் நிலையக் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தாராம், குடித்தவர்களுக்கு நோய் தீர்ந்ததாம். தீராதவர்களை யார் எண்ணினார்கள்?

கரிசல்காடு:
கங்கை நீரை விட்டுத்தருகிறேன், அது திண்ணைக் கதை. ஆனால் எல்லாமே வாய்வார்த்தை இல்லை. செய்கோ கடிகார விவகாரம் தெரியுமா? செய்கோ முதலாளி தன் பெட்டகத்தில் பூட்டிவைத்த புது மாதிரிக் கடிகாரத்தைச் சத்திய சாயிபாபா அவர் கண்முன்னே வரவழைத்தார், அதோடு முதலாளி பக்தராகிவிட்டார் என்று ஒரு கதை சுற்றியது. எல்லோரும் அதை விவாதித்துக்கொண்டிருந்தபோது கோவூர் ஜப்பானுக்கே கடிதம் போட்டார். நிறுவனத் தலைவர் ஷோஜி ஹட்டோரி 1973இல் பதில் எழுதினார்: அவரை நான் சந்தித்ததே இல்லை, அப்படி ஒன்றும் நடக்கவும் இல்லை. தபால் செலவோடு முடிந்தது.

தராசு:
இதை ஒப்புக்கொள்கிறேன். யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கக்கூடியது. எனக்குப் பிடித்த கோவூர் இவர்தான்.

ஜோதிடத்தில் சரியான வேலையைப் பிற்பாடு வானியலாளர் ஜயந்த் நார்லிகர் செய்தார். 2008இல் மகாராஷ்டிரத்தில், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர், இவர்களின் ஜாதகங்கள். ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் 40. எது யாருடையது என்று பிரிக்க வேண்டும். விடை அனுப்பியவர்கள் 27 பேர், சராசரி 46 சதவீதம் சரி. காசு சுண்டியிருந்தால் 50 வந்திருக்கும். பரிசும் இல்லை, வசையும் இல்லை.

கூழாங்கல்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அந்தச் சோதனையில் கூட இருந்தவர் மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர். 2013 ஆகஸ்டில் புனேயில் காலை நடை போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். வசை பாடாதவருக்கும் அதுதான் கிடைத்தது.

கோவூர் வழியில் வந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்தை விட்டுவிட்டீர்களே, கோவை போத்தனூரில் இருந்தவர். திருநீறு வரவழைப்பதை மேடையில் மெதுவாகச் செய்து காட்டுவார்கள்: சாம்பலைக் கஞ்சியில் பிசைந்து உருட்டிக் காயவைத்த வில்லை, கட்டைவிரல் இடுக்கில் ஒளிந்திருக்கும். கையைச் சுழற்றும்போது விரல் நுனிக்கு வந்து பொடியாகும். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு யார் செய்தாலும் கண் கட்டைவிரலுக்குத்தான் போகும்.

வடலி:
கன நாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். கோவூர் மாஸ்டர் எங்கட ஊர்ப் பெடியளுக்குப் படிப்பிச்சவர். ஒரு வருசம் அவரிட்ட வேதாகமப் பாடத்தைக் குடுத்தவையாம். எல்லாரும் திறமாப் பாஸ். அடுத்த வருசம் பாடத்தைப் பறிச்சுப் போட்டினம். ஏன் எண்டு கேட்க, "பாஸ் பண்ணினதும் எல்லாரும், விசுவாசத்தை இழந்ததும் எல்லாரும்" எண்டாராம் அதிபர்.

கல் எறியிற கதைக்கு வாறன். எங்கட மாமி வீட்டிலயும் விழுந்தது. தகரக் கூரை, பின்னேரம் ஆறு மணி போலதான் விழும். மந்திரிக்கிற ஒராள் வந்து வேப்பங்குழை அடிச்சு, தேசிக்காய் வெட்டி, நாலு மூலையிலயும் செப்புத் தகடு தாட்டவர் (புதைச்சவர்). ரெண்டு நாள் ஒண்டும் இல்லை. மூண்டாம் நாள் தாட்ட தகடே கூரைக்கு மேல கிடக்குது. அதோட வீடே நடுங்கிப் போச்சு.

தராசு:
யார் எறிந்தது என்று எப்படித் தெரிந்தது? மிரட்டிக் கேட்டார்களா?

வடலி:
ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல, ஒருத்தரும் கேட்கவும் இல்லை. இருபது வருசம் கழிச்சு மச்சாள் தானாச் சொன்னவள். தன்ர மகளின்ட சாமத்திய வீட்டுக்கு (மஞ்சள் நீராட்டுக்கு) பலகாரம் சுட்டுக்கொண்டு இருக்கேக்க. "தகடு தாட்ட இடத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான், ராவில கிண்டி எடுத்தன்" எண்டு சிரிச்சவள். ஏனடி எண்டு கேட்டன். எட்டாம் வகுப்போட தன்னைப் பள்ளிக்கூடத்தால மறிச்சவையாம். கல் விழுந்தது தம்பிமார் ரியூசனுக்கு வெளிக்கிடுற நேரம்.

செவ்வரளி:
அப்புறம் படிக்கப் போனாங்களா?

வடலி:
இல்லை.