புதுத் துவக்கு: துடைச்சுப் பாக்கிறதோ, திருப்பிக் குடுக்கிறதோ?

குளக்கட்டு:
பன்றிக் காவலுக்கு அனுமதியோடை எடுத்த ஒற்றைக்குழல் 12 போர் (குழல் அளவு) துவக்கு, பெட்டி உடைச்ச புதுசு. மடிச்சுத் தோட்டா போடுற வகை, குதிரை, அதாவது ஊசியைத் தட்டுற சுத்தியல், வெளியிலை தெரியும். குறை மூண்டு. குதிரை விழுந்தும் சில தோட்டா வெடிக்குதில்லை. வெடிச்ச கோது சிலது நகத்தாலை இழுக்க வராமல் இறுகி நிக்குது. மூடின பிறகும் குழல் மெல்லிசாய் ஆடுது. வித்தவர் சொல்லுறார், "புது இறுக்கம், ஐம்பது வெடி போகப் பழகிவிடும்" எண்டு. நெல் பால் பிடிக்க முதல் முடிவு எடுக்கவேணும்.

பாலியாறு:
அவசரப்பட்டுத் திருப்பாதேங்கோ. கப்பலிலை வாற துவக்குக்குத் துரு பிடியாமல் தடிச்ச கிறீஸ் பூசி அனுப்புவினம். அது அடியூசி (குதிரை தட்ட முன்னுக்குப் போற ஊசி) ஓடுற துவாரத்துக்குள்ளை இறுகிக் கிடந்தால் ஊசி மெதுவாய்த்தான் போய்க் கேப்பிலை, அதாவது தோட்டா அடியிலை அடிபட்டுப் பத்துற சின்ன மூடியிலை, படும். வெடியாத தோட்டாவின்ரை கேப்பைப் பாருங்கோ. பள்ளம் நடுவிலை ஆழமாய் இருந்தால் பிழை தோட்டாவிலை. மெல்லிசாய் ஒரு பொட்டு மட்டும் எண்டால் பிழை துவக்கிலை.

தோட்டா இல்லையெண்டு குழலுக்குள்ளை பாத்து உறுதி செய்யுங்கோ. குழலைக் கழட்டி, ஊசித் துவாரத்தையும் பூட்டையும் மண்ணெண்ணெய் விட்டுப் பழைய பல் பிரஷ்ஷாலை தேய்ச்சு, துணியாலை ஒத்தி, காய விடுங்கோ. பிறகு தையல் மெசின் ஒயில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். தேங்காயெண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் அது பிசினாகித் தூசியைப் பிடிச்சு வைக்கும். ஒயிலைக் கூட விட்டாலும் கேப்புக்குள்ளை ஊறித் தோட்டா நமுத்துப்போகும்.

காலபோகம்:
துடைப்பதில் தவறில்லை. ஆனால் மூன்று குறையையும் கிறீஸின் தலையில் கட்டிவிட்டீர்கள். குழல் ஆடுவதற்குக் கிறீஸ் காரணமாக முடியாது. கிறீஸ் ஆட்டத்தை மறைக்கும். துடைத்தால் ஆட்டம் கூடத்தான் தெரியும்.

குளக்கட்டு, முன்பிடிக் கட்டையைக் கழற்றிவிட்டு, சோங்கை (தோளில் வைக்கும் கட்டையை) ஒரு கையிலும் குழலை மற்றக் கையிலும் பிடித்து, மேல் கீழ், இடம் வலம் ஆட்டிப் பாருங்கள். அடுத்து, சாதாரண எழுதுதாளில் விரலகலக் கீற்று ஒன்றைக் குழலின் பின்முகத்துக்கும், மூடும்போது அதோடு ஒட்டி நிற்கிற அடைப்பு முகத்துக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள். இறுகிப் பிடித்தால் நல்லது. தடையில்லாமல் வழுகி வந்தால் அந்தப் பக்கத்தில் இடைவெளி இருக்கிறது. இடம், வலம், மேல் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். திறக்கும் நெம்பு மேலே இருக்கிற வகை என்றால், புதுத் துவக்கில் அது நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் நிற்கவேண்டும். தேயத் தேயத்தான் நடுவுக்கு வரும். புதிதிலேயே நடுவில் அல்லது இடப்பக்கம் நின்றால் குழலை மூடிப் பிடிக்கிற பூட்டு நாக்கு சரியாகப் பொருந்தவில்லை.

இந்த ஆட்டம் பழகிச் சரிவராது. வெடிக்கு வெடி கூடும். "ஐம்பது வெடி" கதை உத்தரவாத நாள் கழிவதற்காகச் சொல்லுகிற கதை. அதோடு, தோட்டா அனுமதிக்குள் எண்ணி எடுக்கிற சாமான், கடலைச்சுருள் மாதிரி வாங்கி இறைக்க முடியுமா?

பாலியாறு:
ஆட்டம் இருந்தால் திருப்பட்டும், அதை மறுக்கேல்லை. ஆனால் மெல்லிசு எண்டு எழுதியிருக்கிறார். மலிவு ஒற்றைக்குழலிலை முன்பிடிக் கட்டையைக் கழட்டினால் கொஞ்ச அசைவு வழமை. கட்டை பூட்டின பிறகு அசைஞ்சால்தான் யோசிக்கவேணும். குதிரை ஸ்பிரிங் சோர்ந்து கிடந்தால் அடியிலை மெல்லிய வாசர் ஒண்டு வைச்சால் அடி உறைக்கும். அதுக்குப் போய் ஒரு துவக்கையே திருப்புறதோ?

காலபோகம்:
வாசர் வேண்டாம். இந்த வகைக் குதிரை அடித்ததும் கொஞ்சம் பின்வாங்கி நிற்கவேண்டும். வாசர் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கினால் பின்வாங்கல் கெடலாம். குதிரை ஊசியை அழுத்தியபடி நின்றால் ஊசிமுனை அடைப்பு முகத்துக்கு வெளியே நீண்டபடி இருக்கும். அடுத்த தோட்டாவைப் போட்டு மூடும்போது அந்த முனை கேப்பில் குத்தும். மூடும்போதே வெடிக்கக்கூடிய நிலை அது, குழல் காலடியைப் பார்த்திருக்கும் நேரத்தில்.

பார்க்கவேண்டியது ஊசியின் நீளம். குதிரையை முழுக்க முன்னே தள்ளிப் பிடித்தால் முனை 1 முதல் 1.5 மில்லிமீற்றர் வெளியே வரவேண்டும். குறைந்தால் கேப்பில் அடி உறைக்காது, கூடினால் கேப்பைத் துளைக்கும். முனை அரைக்கோளமாக இருக்கவேண்டும், கூராகவோ தட்டையாகவோ அல்ல. குதிரையை விட்டதும் முனை முழுதாக உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் அந்தத் துவக்கில் தோட்டா போடவே கூடாது.

மூன்றாம்வாய்க்கால்:
ரெண்டு பேரும் கோது இறுகிறதை விட்டிட்டியள். குழலின்ரை அடிப்பக்கம் குத்தின முத்திரையைப் பாருங்கோ, 12-70 எண்டோ 12-65 எண்டோ இருக்கும். அந்த 65, 70 எல்லாம் வெடிச்சு விரிஞ்ச கோதின்ரை நீளம், மில்லிமீற்றரிலை. வெடியாத தோட்டா வாய் மடிச்சுக் கிடக்கிறதாலை கட்டையாய் இருக்கும். அதாலை 70 தோட்டா 65 குழலுக்குள்ளை சிரமமில்லாமல் போகும், ஒண்டும் தெரியாது. வெடிக்கேக்கை வாய் விரிய இடமில்லாமல் குழல் ஒடுங்கிற இடத்திலை நெரிஞ்சு, அழுத்தம் ஏறும். கோதின்ரை வாய் கிழிஞ்சு, உருகின மாதிரி வந்தால் அதுதான் சங்கதி.

முத்திரை சரியெண்டால் கோதின்ரை அடியைப் பாருங்கோ. வட்ட வட்டமாய்க் கீறல் எண்டால் தோட்டா இருக்கிற அறையைக் கடைஞ்ச கருவியின்ரை தடம், மினுக்காமல் அனுப்பியிருக்கினம். ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால் அறையே கோணல், அதுக்கு மருந்தில்லை. கோதின்ரை அடி பித்தளையோ, பித்தளை பூசின இரும்போ எண்டு காந்தம் வைச்சுப் பாருங்கோ. இரும்பு வெடிச்சு விரிஞ்சால் பித்தளையளவு சுருங்காது. கரடான அறையிலை பிடிக்கக்கூடும்.

பாலியாறு:
கீறல் மட்டும் எண்டால் வீட்டிலையே தீரும். 0000 இலக்க உருக்குக் கம்பளியைத் தடியிலை சுத்தி, ஒயில் விட்டு, அறைக்குள்ளை மட்டும் சுழட்டுங்கோ. அரத்தாளைக் கொண்டு போகாதேங்கோ, அறை அகண்டுபோகும்.

காலபோகம்:
திருப்பும் எண்ணம் இருந்தால் அதையும் செய்யவேண்டாம். தேய்த்த அடையாளம் கண்டால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள். திருத்துவதானாலும் அனுமதி பெற்ற திருத்துநரிடம்தான். எழுதித் தரச்சொல்லிப் பற்றுச்சீட்டும் வாங்குங்கள்.

வெடியாத தோட்டாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. குதிரை விழுந்து வெடிக்காவிட்டால் உடனே மடிக்கக்கூடாது. குழலை வெறும் நிலத்தைப் பார்க்கப் பிடித்து ஒரு நிமிடம் பொறுங்கள், பிந்தி வெடிப்பதும் உண்டு. சத்தம் மந்தமாக வந்தால் குழலுக்குள் அடைப்புத் தக்கை (தோட்டாவில் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இருப்பது) நிற்கிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாராமல் அடுத்ததைப் போடவேண்டாம். பன்றி நிற்கிற பதற்றத்தில் இதைத்தான் மறப்பது.

குளக்கட்டு:
பாத்தாச்சு. முத்திரை 12-70, தோட்டாவும் 70. கேப்பிலை பள்ளம் மெல்லிசு, நடுவிலையும் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கி. தாள் வலப்பக்கம் இறுகுது, இடப்பக்கம் வழுகி வருது. முன்பிடி பூட்டியும் ஆட்டம் இருக்கு.

மூன்றாம்வாய்க்கால்:
அடி ஒதுங்கி விழுறதும் இடப்பக்க இடைவெளியும் ஒரே கதைதான். குழல் அடைப்பு முகத்தோடை நேராய்ப் பொருந்தேல்லை.

பாலியாறு:
அப்ப திருப்புங்கோ, நான் மல்லுக்கட்டேல்லை. ஆனால் மாத்தித் தாற துவக்கையும் கடையிலை வைச்சே இதே தாளாலை பாருங்கோ. அதே பெட்டி, அதே தொழிற்சாலை. ஊசியும் ஸ்பிரிங்கும் ஒவ்வொண்டு மேலதிகமாய்க் கேட்டு வாங்குங்கோ.

காலபோகம்:
துவக்கை மாற்றினால் அதன் உடலில் குத்தின இலக்கமும் மாறும். அனுமதிப்பத்திரத்தில் இருப்பது பழைய இலக்கம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) திருத்தி எழுதுவிக்கும்வரை புதுத் துவக்கைக் கடையிலிருந்து எடுக்கவேண்டாம்.