மூளை அலைத் தரவு: முதல் நாள் பயிற்சி இரண்டாம் நாளில் பலிக்கவில்லை, உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கையை அசைப்பதாக மனத்தில் எண்ணும்போது எழும் மூளை அலைகளைக் கணினியால் பிரித்தறிய முயன்று வருகிறேன். ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டு மூளை-கணினி இடைமுகப் போட்டிக்காக (மூளை அலைகளால் கணினியை இயக்கும் முறைகளுக்கான போட்டி) வழங்கிய தரவையே பயன்படுத்துகிறேன். 9 பேரின் தலையில் 22 மின்முனைகளைப் பொருத்தி, நொடிக்கு 250 முறை அளந்து, இடக்கை, வலக்கை, பாதங்கள், நாக்கு ஆகியவற்றின் கற்பனை அசைவுகளை இரு வேறு நாள்களில் பதிவு செய்த தரவு அது.

8 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை மட்டும் வடிகட்டி எடுத்து, அவற்றின் கோவேரியன்ஸ் அணிகளை (மின்முனைகளின் அளவீடுகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண் அட்டவணைகளை) கொண்டு கணினியைப் பயிற்றுவிக்கிறேன். முதல் நாள் தரவுக்குள்ளேயே சோதித்தால் முடிவு நன்றாக வருகிறது. இரண்டாம் நாள் தரவிலோ சிலருக்குத் துல்லியம் பெரிதும் சரிகிறது. மின்முனைகள் சற்று இடம்மாறியிருக்கலாம், களைப்பும் கவனமும் வேறுபட்டிருக்கலாம் என்பது புரிகிறது. ஆனாலும், இத்தகைய கருவியை நம்பியிருக்கும், உடல் அசைவை இழந்த ஒருவரை நாள்தோறும் புதிதாகப் பயிற்சி தரச் சொல்வது பெருஞ்சுமை என்பதால், இதை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

இரு நாள்களின் அணிகளையும் அவற்றின் சராசரியைக் கொண்டு ஒரே மையத்துக்கு நகர்த்தினால் போதுமா? அந்தச் சராசரிக்கு இரண்டாம் நாளின் முழுத் தரவையும் எடுத்துக்கொள்வது, விடைக்குறிகளை (எந்தப் பதிவு எந்த அசைவுக்குரியது என்ற குறிப்புகளை) தொடாவிட்டாலும், சோதனைத் தரவை முன்கூட்டியே பார்த்ததாகிவிடாதா? தொடக்கத்தில் வரும் சில பதிவுகளை மட்டும் கொண்டு இதைச் செய்து பார்த்தவர்கள், எத்தனை பதிவுகள் தேவைப்பட்டன என்று தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.