38 லட்ச ரூபாய் சரக்கு ரேக்கில் தூங்குகிறது: மீதி காம்போனென்ட்டை யாரிடம் விற்பது?

பச்சைபோர்டு:
அம்பத்தூர் எஸ்டேட்டில், சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்தும் சின்ன எஸ்எம்டி லைன் வைத்திருக்கிறோம். 2022-இல் சிப் கிடைக்காமல் எல்லோரும் அல்லாடியபோது, ஒரு கஸ்டமரின் ஃபோர்காஸ்ட்டை நம்பி ஒரு வருடச் சரக்கை வாங்கிப் போட்டோம். அவர் டிசைனையே மாற்றிவிட்டார். எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர், மாஸ்ஃபெட், இண்டக்டர், 0603 சைஸ் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், கொஞ்சம் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். புத்தகக் கணக்கில் 38 லட்சம். பாங்க்கின் ஸ்டாக் ஆடிட்டர் வரும்போதெல்லாம் அந்த ரேக் முன்னால் நின்று, "இது நகரவே இல்லையே சார்" என்கிறார். டிஸ்ட்ரிபியூட்டரிடம் போனால், திருப்பி எடுக்க மாட்டோம் என்று ஆர்டரிலேயே இருக்கிறதே என்று கைவிரித்துவிட்டார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர் லிஸ்ட்டைக்கூடப் பார்க்காமல் மொத்தமாக 2 லட்சம் என்றார். வயிறு எரிகிறது. வேறு வழி உண்டா?

பழைய_பர்சேஸ்:
விற்பது அப்புறம் சார். அந்த ஃபோர்காஸ்ட் எப்படி வந்தது? மெயிலிலா, போனிலா? வேலை எடுக்கும்போது போட்ட அக்ரிமென்ட்டில், உங்கள் ஃபோர்காஸ்ட்டுக்காக வாங்கி மிஞ்சும் சரக்கு உங்கள் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தால், முதல் கடிதம் கஸ்டமருக்குத்தான் போக வேண்டும். வரி இல்லாவிட்டாலும் மெயிலை வைத்துப் பேசிப் பாருங்கள். அவருக்கு வேண்டிய மைக்ரோவை அவரே எடுத்துக்கொண்டால் உங்களுக்கு வாங்கிய விலை வரும். இன்னொன்று: கஸ்டமரே இலவசமாக அனுப்பிவைத்த பொருள் அந்த ரேக்கில் கலந்திருந்தால் பிரித்து வையுங்கள். அது உங்கள் சொத்தே இல்லை, விற்றால் வம்பு.

ரீல்காரன்:
பத்து வருடமாக மீதிச் சரக்கு வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். '38 லட்சத்துக்குச் சரக்கு' என்று வந்தால் நானும் 2 லட்சம்தான் சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ரிஸ்க்கை விலையில்தானே கழிக்க முடியும்?

எக்ஸெல்லில் ஒரு வரிக்கு ஒரு பொருள் எழுதுங்கள். கம்பெனி பெயர், கடைசி எழுத்துவரை முழு பார்ட் நம்பர், எண்ணிக்கை, டேட் கோட் (தயாரித்த வாரம்), சீல் உடைந்ததா இல்லையா. லேபிளில் 2218 என்றிருந்தால் 2022-ஆம் வருடம் 18-ஆவது வாரம். வாங்குகிறவன் கண் முதலில் அங்கேதான் போகும். டிஸ்ட்ரிபியூட்டர் இன்வாய்ஸ் காப்பியையும் கூடவே வையுங்கள். சந்தையில் போலி ஐசி புழங்குவதால், இந்தச் சரக்கு எந்தக் கை வழியாக வந்தது என்ற காகிதத்துக்கும் சேர்த்துத்தான் விலை.

மொத்தமாகத் தள்ளினால் காசு சீக்கிரம் வரும், விலை அடிபடும். கன்சைன்மென்ட்டாக, அதாவது விற்ற பிறகு காசு என்று, ஒருவரிடம் கொடுத்து வரிவரியாக விற்றால் நல்ல விலை வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். ஐசியும் மாஸ்ஃபெட்டும் அதற்குத் தாங்கும். எலக்ட்ரோலிட்டிக் தாங்காது, வைக்க வைக்க மதிப்பு போய்விடும்.

சால்டர்_சிவா:
10கே ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோஃபாரட்டையும் யாராவது விற்பார்களா அண்ணே? அடுத்த ஜாப்பின் பிஓஎம்மில் (போர்டுக்கு வேண்டிய பாகங்களின் பட்டியல்) மாற்றாக அப்ரூவல் வாங்கி ஓட்டிவிடுங்கள். 5000 கொண்ட ரெசிஸ்டர் ரீலை விற்று வரும் காசு கூரியருக்கே சரியாகிவிடும்.

டேலி_அக்கா:
'ஸ்கிராப் என்று தள்ளுபடி எழுதிவிடலாம்' என்று யாராவது ஐடியா கொடுத்தால் கேட்காதீர்கள் தம்பி. சரக்கை அழித்தாலோ புத்தகத்தில் தள்ளுபடி செய்தாலோ, வாங்கும்போது எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை, ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 17(5)(எச்) படி திருப்பிக் கட்ட வேண்டும். நஷ்டத்துக்கு விற்றாலும் பில் போட்டு விற்றால் அந்தத் தொல்லை இல்லை. பில் இல்லாமல் கையில் காசு என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சலுகை வரியில் இறக்குமதி செய்த பொருள் இருந்தால், உள்ளூரில் விற்கும் முன் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டைக் கேளுங்கள்.

பச்சைபோர்டு:
எல்லோருக்கும் நன்றி. லிஸ்ட் போட ஆரம்பித்தேன். மைக்ரோ ட்ரேயில் இரண்டு பாக்கெட் பிரிந்திருக்கிறது. பையில் எம்எஸ்எல் 3 (ஈரம் தாங்கும் அளவு) என்று இருக்கிறது, உள்ளே ஈரம் காட்டும் அட்டையில் நீலப் புள்ளி ரோஸ் ஆகிவிட்டது. அவ்வளவுதானா?

ரீல்காரன்:
கெட்டுப் போகவில்லை. எம்எஸ்எல் 3 என்றால் பை பிரித்தபின் 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள் 168 மணி நேரத்துக்குள் போர்டில் ஏற்றிவிட வேண்டும் என்பது கணக்கு. நம் ஊர்க் காற்றில் அந்தக் கணக்கெல்லாம் நிற்காது. ட்ரேயின் மேல் எத்தனை டிகிரி தாங்கும் என்று அச்சடித்திருக்கும். 125-க்கு மேல் இருந்தால் அவனில் வைத்து பேக் (bake) செய்து ஈரத்தைப் போக்கி, புது சிலிக்கா ஜெல், புது அட்டை போட்டு சீல் செய்யுங்கள். ரீலை அந்தச் சூட்டில் வைத்துவிடாதீர்கள், டேப் உருகிப்போகும். அது 40 டிகிரியில் நாள்கணக்கில் வேக வேண்டும். அவனில் பேக் செய்ததை மறைக்காமல் லிஸ்ட்டில் எழுதுங்கள்.

பச்சைபோர்டு:
ஏழு வாரம் கழித்து வருகிறேன். கஸ்டமர் முதலில் குதித்தார். 2022 மெயிலை அனுப்பியதும் ஒரு நாள் சத்தமே இல்லை. பிறகு மைக்ரோ முழுவதையும் வாங்கிய விலைக்கே, மூன்று தவணையில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முதல் தவணை வந்துவிட்டது. மாஸ்ஃபெட் கோயம்புத்தூரில் யுபிஎஸ் போர்டு செய்கிறவருக்குப் பாதி விலையில் போனது. ரெசிஸ்டர், கெப்பாசிட்டரை சிவா சொன்னபடி உள்ளேயே ஓட்டுகிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த் தட்டில் நனைந்த எலக்ட்ரோலிட்டிக்கை மட்டும், பதிவு பெற்ற ஈ-வேஸ்ட் ரீசைக்ளரிடம் கொடுத்து ரசீது வாங்கினேன். அதற்குக் கிரெடிட்டைத் திருப்பியாயிற்று அக்கா. இண்டக்டர்தான் மிச்சம்.

சால்டர்_சிவா:
22 மைக்ரோஹென்றியா அண்ணே? எனக்கு மூன்று ரீல் வேண்டும். லேபிள் போட்டோ போடுங்கள், டேட் கோட் தெரிகிற மாதிரி.