ஓரம் முதல் ஓரம் வரை பின்னணி நிறம்: நீங்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

உப்பளத்துக்காரன்:

கடலூர் மஞ்சக்குப்பத்தில் முந்திரி மொத்த வியாபாரம் செய்பவர் ஒருவருக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "தம்பி, பாண்டி ஒயிட் டவுன்ல சுவர் பூரா ஒரு மஞ்சள் அடிச்சிருக்காங்களே, அந்த மஞ்சள்ல ஒரு பட்டை வேணும். இந்த ஓரத்துல ஆரம்பிச்சு அந்த ஓரம் வரைக்கும் போகணும்."

நான் எடுத்த டெம்ப்ளேட்டில் மொத்தப் பக்கமும் 1140 பிக்சல் மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) வைத்த ஒரே கன்டெய்னர் பெட்டிக்குள் இருந்தது. நிறம் கொடுத்தால் நிறமும் 1140-லேயே நின்றுவிடும், இரண்டு பக்கமும் வெள்ளை. சரி என்று ஊரே செய்வதைத்தான் செய்தேன். அகலம் 100 விடபிள்யூ, அதாவது பிரவுசர் ஜன்னலின் முழு அகலம்; இடது மார்ஜினுக்கு (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) 50 சதவீதத்தில் 50 விடபிள்யூ கழித்து ஒரு கால்க் கணக்கு. என் மேக்கில் கச்சிதமாக உட்கார்ந்தது.

காட்டுவதற்காகக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் பழைய விண்டோஸ் கணினி, 1366 பிக்சல் திரை. அண்ணன் மவுஸைப் பிடித்தவர் உடனே கேட்டார்: "பக்கம் லேசா ஆடுதே தம்பி?" பார்த்தால் கீழே குறுக்காக ஒரு ஸ்க்ரோல்பார். இழுத்தால் பக்கம் ஒரு நூல் நகர்ந்து திரும்ப வருகிறது. விடுவாரா, ஆடுகிற கட்டில் காலைச் சோதிப்பது போல ஆட்டி ஆட்டிப் பார்க்கிறார்.

அங்கேயே பிரவுசரின் டெவ்டூல்ஸைத் திறந்து கணக்குப் போட்டேன். செங்குத்து ஸ்க்ரோல்பார் 17 பிக்சலைத் தின்றுவிட்டது, பக்கத்துக்கு மிச்சம் 1349. ஆனால் 100 விடபிள்யூ அந்த 17-ஐயும் சேர்த்து 1366 என்றே எண்ணுகிறது. நடுவில் வைத்ததால் இந்தப் பக்கம் எட்டரை, அந்தப் பக்கம் எட்டரை துருத்திக்கொண்டு நிற்கிறது. இடது பக்கத் துருத்தலுக்கு ஸ்க்ரோல் வராது, வலது பக்க எட்டரைக்குத்தான் இந்த ஆட்டமெல்லாம். மவுஸ் செருகாத மேக்கில் ஸ்க்ரோல்பார் பக்கத்துக்கு மேலேயே மிதக்கும், இடம் பிடிக்காது. எனக்கு எப்படித் தெரியும்?

பீச்ரோடு:

ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிட்டன், பக்கவாட்டுல வழியுறதை மறைச்சிடும். ஒரே வரி, வேலை முடிஞ்சுது.

கெடிலக்கரை:

முடியாதுங்க. அந்த ஒரு வரியை நம்பி நான் ஒரு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தவள். பக்கத்தின் பாடி டேக்கில் மட்டும் போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நான் போட்டது பக்கம் முழுவதையும் சுற்றியிருந்த ரேப்பர் பெட்டியில். மறுநாள், மேலேயே ஒட்டிக்கொண்டு வர வேண்டிய மெனு பக்கத்தோடு சேர்ந்து ஓடிப்போகிறது. நானோ எது மேலே, எது கீழே என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்! ஹிட்டன் கொடுத்தால் அந்தப் பெட்டியே ஒரு ஸ்க்ரோல் பெட்டியாகிவிடுகிறது. மெனுவை ஒட்டவைக்கும் ஸ்டிக்கி அதைத்தான் பார்க்கும், ஜன்னலைப் பார்க்காது. ஹிட்டனை எடுத்துவிட்டு, ஸ்க்ரோல் பெட்டியாக்காமல் வெட்ட மட்டும் செய்யும் கிளிப் என்று மாற்றியதும் மெனு தன் இடத்துக்கு வந்தது.

இன்னொன்று. இரண்டு நிறப் பட்டைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு வந்தால் நிறத்தைச் சந்தேகப்படாதீர்கள். பட்டையாக வரும் பகுதிக்கு, அதாவது செக்‌ஷனுக்கு, உள்ளே முதலில் இருக்கும் தலைப்பின் மேல் மார்ஜின் செக்‌ஷனை விட்டு வெளியே நழுவியிருக்கும். செக்‌ஷனுக்கு மேலே கொஞ்சம் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தால் போதும்.

உப்பளத்துக்காரன்:

அக்கா சொன்ன வெள்ளைக் கோடு எனக்கும் வந்தது, தலைப்பில் தேடவே தோன்றவில்லை. நன்றி.

பக்கம் ஆடியதற்குக் கடைசியில் நான் விடபிள்யூவையே தூக்கிவிட்டேன். பெரிய கன்டெய்னரை உடைத்து, உள்ளே இருந்த ஏழு செக்‌ஷனையும் வெளியே கொண்டுவந்தேன். நிறம் செக்‌ஷனுக்கு, 1140 அதற்குள் இருக்கும் சின்ன கன்டெய்னருக்கு. செக்‌ஷன் மாதிரியான பிளாக் எலிமென்ட் தானாகவே இருக்கிற அகலம் முழுக்க விரியும், யாரும் கணக்குப் போட வேண்டாம். ஒரு மத்தியான வேலை, முதலிலேயே செய்திருக்கலாம்.

சரக்கு விவரம் மட்டும் அட்மின் பேனலிலிருந்து வருகிறது, அதை உடைக்க வழியில்லை. அங்கே 100 விமேக்ஸ் (ஜன்னலின் அகலம், உயரம் இரண்டில் பெரியது) பரப்புள்ள பாக்ஸ்-ஷேடோவை, அதாவது பெட்டியின் நிழலை, அதே மஞ்சளில் போட்டு, மேலும் கீழும் வழியாமல் கிளிப்-பாத்தால் வெட்டினேன். நிழல் எவ்வளவு நீண்டாலும் ஸ்க்ரோல் வராது.

மறுபடி கடைக்குப் போனேன். அண்ணன் முதல் வேலையாக மவுஸைப் பிடித்துப் பக்கத்தை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "மஞ்சள்தான் கொஞ்சம் வெளுப்பா தெரியுது, இல்ல?" என்றார்.