பூனைக்குட்டி ஒன்றா, இரண்டா?

சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் வீடு, சுற்றிலும் செம்பனை. பகலில் வீட்டில் ஆள் இருக்காது. 8 வாரக் குட்டிகள், ஒரே ஈற்று, ஆண் ஒன்று, பெண் ஒன்று. இரண்டையும் எடுக்கலாமா?

பதில் 1:
ஆளில்லாத வீடென்றால் இரண்டையும் எடுங்க அக்கா. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்கும். தனிக்குட்டி உங்க கையைத்தான் கடிக்கும். மலஜலம் கழிக்க மணல் தட்டு மூன்று வைங்க. சாப்பாட்டுத் தட்டு தனித்தனியா இருக்கணும், இல்லாட்டி எது சாப்பிடலைன்னே தெரியாது.

பதில் 2:
பெண்குட்டி 4 மாதத்திலேயே சினைப்படலாம், கூடப்பிறந்த ஆணாலும்கூட. அதற்குள் டாக்டரிடம் கேட்டு இரண்டுக்கும் கருத்தடை செய்யணும். தடுப்பூசி இப்பவே தொடங்கி 3-4 வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் வரை. எல்லாமே இரட்டைச் செலவு. கட்டுப்படியாகலைன்னா வளர்ந்த பூனை ஒன்று போதும், அது பகலெல்லாம் தூங்கும்.

பதில் 3:
எத்தனை எடுத்தாலும் வெளியே விடாதீங்க. தோட்டத்து எலி மருந்தைத் தின்ற எலியைப் பூனை தின்றால் ரத்தம் உறையாது. அறிகுறி தெரியவே சில நாளாகும்: ஈறு வெளுக்கும், சோர்ந்து படுக்கும், மூச்சு வாங்கும். உடனே கிளினிக் போய் எலி மருந்துன்னு சொல்லுங்க. ரத்தம் மறுபடி உறைய வைட்டமின் கே1 சில வாரம் தொடர்ந்து கொடுக்கணும்.