ஈஸ்ட்டோட மெம்பரேன் கொழுப்புல அப்படி என்ன இருக்கு?

பட்டர்வொர்த் பேத்தி:
பாட்டிக்கு சக்கரை இருக்கு, பல்செட்டும் போடுறாங்க, போன வாரம் நாக்கு பூரா தயிர் ஒட்டின மாதிரி வெள்ளை, துடைச்சா அடியில செவசெவன்னு இருக்கு. கிளினிக்ல கேண்டிடாங்கிற ஈஸ்ட்டுன்னு சொல்லி மஞ்சளா நிஸ்டாட்டின் சொட்டு மருந்து குடுத்தாங்க, உடனே முழுங்காம வாய்லயே வச்சிருக்கணுமாம். நான் எஸ்டிபிஎம்ல (பல்கலைக்கு முந்தின பரீட்சை) பயோ எடுக்குறேன், ஈஸ்ட்டும் நம்மள மாதிரி நியூக்ளியஸ் உள்ள செல்லுதானே, மருந்து எப்படி அத மட்டும் தாக்குது? மெம்பரேன், அதான் செல்ல சுத்தியிருக்கிற சவ்வு, அதோட கொழுப்புதான் காரணம்னு படிச்சேன், புரியல.

பிரிக்பீல்ட்ஸ் லேப்காரன்:
தங்கச்சி, நம்ம மெம்பரேன்ல கொலஸ்ட்ரால் இருக்கிற இடத்துல ஈஸ்ட்டுக்கு எர்கோஸ்டெரால். ரெண்டும் ஸ்டெரால்ங்கிற கொழுப்பு வகை, ஜாடை ஒண்ணுதான், ஆனா மருந்து புடிச்சுக்கிற அளவுக்கு வித்தியாசம் இருக்கு. நிஸ்டாட்டின் அதுல போய் ஒட்டினா மெம்பரேன் ஒழுக ஆரம்பிச்சிடும். குடல்ல இருந்து ரத்தத்துக்கு அது ஏறுறதே இல்லன்னு சொல்லலாம், பட்ட இடத்துலதான் வேலை, அதான் வாய்ல வச்சிருக்க சொல்றாங்க. ராத்திரி பல்செட்ட கழட்டி நல்லா கழுவ சொல்லும்மா, அதுலயும் கேண்டிடா ஒட்டியிருக்கும். ஃப்ளூகோனசோல் மாத்திரை வேற மாதிரி, எர்கோஸ்டெரால் செய்யற எர்க்11 என்சைம அடைச்சிடும், பாதியில நின்ன சரக்கு எர்க்3ங்கிற இன்னொரு என்சைம் கைல பட்டு விஷ ஸ்டெராலா மாறி ஈஸ்ட்ட முடக்கும். சில கேண்டிடா எர்க்3யையே தொலைச்சிட்டு மருந்துக்கு அசையாம நிக்கும், டாக்டருங்களுக்கு அது பெரிய தலைவலி.

ஜார்ஜ்டவுன் அக்கா:
ஸ்டெரால் மட்டும் இல்லம்மா. புறா எச்சத்துல இருக்கிற கிரிப்டோகாக்கஸ்ங்கிற இன்னொரு ஈஸ்ட் மூச்சு வழியா நுரையீரலுக்கு போகும், பத்துமலை வாசல்ல புறாக்கூட்டத்த பாத்தாலே எனக்கு அந்த ஞாபகம்தான். குளுக்கோசில்செரமைடுன்னு ஒரு கொழுப்பு அதுகிட்ட இருக்கு. 2006ல வந்த ஆய்வுல, அத செய்யத் தெரியாத கிரிப்டோகாக்கஸ எலிக்கு மூக்கு வழியா குடுத்தா நோய் வரல. வெள்ளணுவுக்குள்ள அமிலத்துல வளருது, ஆனா வெளிய பிஎச் 7.4 பக்கம் வந்தா பெருக முடியல. ஒரே ஒரு கொழுப்பு இல்லாததுக்கு! நம்ம உடம்புலயும் இதே வகை இருக்கு, ஆனா பூஞ்சையோடதுல மெத்தில்ங்கிற சின்ன அணுக்கூட்டம் ஒண்ணு கூடுதலா ஒட்டியிருக்கும், மருந்து தேடுறவங்க அத விடாம பாக்குறாங்க.

பட்டர்வொர்த் பேத்தி:
நன்றிண்ணே, நன்றிக்கா. அப்போ ஆம்போடெரிசின்ங்கிற பூஞ்சை மருந்தும் எர்கோஸ்டெரால தானே புடிக்குது, அது ஏன் கிட்னிய கெடுக்குது?

பிரிக்பீல்ட்ஸ் லேப்காரன்:
அது கொலஸ்ட்ராலயும் கொஞ்சம் புடிச்சிடும், அதுவும் ஊசியா நேரா ரத்தத்துல போகுது. அதனாலதான் லைப்போசோம்னு கொழுப்பு உருண்டைக்குள்ள வச்சு குடுக்குறாங்க, கிட்னி பாதிப்பு குறையும். பாட்டிக்கு சொட்டு மருந்து முடிஞ்சும் வெள்ளை போகலன்னா திரும்ப கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போ, சக்கரையையும் பாத்துட்டு வாங்க.